நிறைகுடமா, கும்பமா? ஒரு பொருள் எப்போது மூர்த்தியாகிறது

திருகோணமலையில் கலியாண மண்டப வாசலில் வைக்கிற நிறைகுடத்தையும், நவராத்திரிக்குச் சாமி அறையில் வைக்கிற கும்பத்தையும் அருகருகே வைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. அதே செம்பு, அதே மாவிலை, அதே தேங்காய். ஆனால் வாசலில் நிற்பது மங்கலச் சின்னம், உள்ளே இருப்பது அம்பாள். வித்தியாசம் பொருளில் இல்லை. ஒன்றில் எழுந்தருளும்படி அழைத்திருக்கிறோம், மற்றதில் அழைக்கவில்லை. இந்த அழைப்புக்குப் பெயர் ஆவாகனம். அனுப்பி வைப்பது உத்வாசனம், யதாஸ்தானம் என்றும் சொல்வார்கள். வீட்டுப் பூசையில் வருகிற குழப்பங்களில் பெரும்பகுதி, அழைக்காததற்குப் பயந்து நடப்பதாலோ அழைத்ததை அனுப்ப மறப்பதாலோ வருகிறது.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என மூன்று நிலை சொல்கிறது. லிங்கம் அருவுருவம். கை, கால், முகம் இருந்தால்தான் மூர்த்தி என்றில்லை. மரத்தடியில் நட்ட சூலம் முறைப்படி ஸ்தாபித்திருந்தால் அது வைரவர். கதிர்காமத்தில் யானை சுமந்து வரும் பேழையில் யந்திரம்தான் போகிறது. மறுபக்கம், ஓட்டோக் கண்ணாடியில் ஒட்டிய பிள்ளையாருக்குத் தும்பிக்கை, தந்தம் எல்லாம் இருந்தும் அவரை யாரும் ஆவாகனம் செய்யவில்லை. அவருக்கு மரியாதை உண்டு, தினப்பூசை கடமை இல்லை.

மஞ்சள் பிள்ளையாரைப் பிடிப்பது

முழுச் சுற்றையும் ஒரே நாளில் பார்க்க இதுதான் நல்ல வழி. மஞ்சள்தூள் இரண்டு மேசைக்கரண்டி எடுங்கள். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றாமல் அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாக விட்டுப் பிசையுங்கள். பிடித்தால் விரல் அடையாளம் நிற்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. தண்ணீர் கூடினால் கால் மணி நேரத்தில் சரிந்து தட்டையாகிவிடும். குறைந்தால் காயும்போது உச்சியில் வெடிக்கும். மா கலந்த மஞ்சள்தூள் பசைபோல இழுபடும், எவ்வளவு பிசைந்தாலும் கூம்பு நிற்காது. தூளை மாற்றுவதுதான் வழி.

அடி அகன்று உச்சி ஒடுங்கிய கூம்பாக, இரண்டு விரல் உயரத்துக்குப் பிடித்தால் போதும். கண், காது செதுக்க வேண்டாம். ஒரு தட்டில் பச்சையரிசி பரப்பி, மேலே வெற்றிலை வைத்து அதில் இருத்துங்கள். உச்சியில் இரண்டு மூன்று அறுகம்புல், நெற்றியில் குங்குமம். தைப்பொங்கலுக்குச் சாணத்தில் பிடிப்பதும் இதே முறைதான். அதற்கு ஈரம் குறைந்த பசுஞ்சாணம் வேண்டும்.

இதுவரை அது மஞ்சள் உருண்டை. சரிந்தால் பயப்படாமல் திரும்பப் பிடிக்கலாம், இடம் மாற்றலாம், குழந்தை தொட்டாலும் குற்றம் இல்லை. விளக்கை ஏற்றி, பூவும் அட்சதையும் இரண்டு கையாலும் எடுத்து, "பிள்ளையாரே, இந்தப் பூசை முடியும்வரை இதில் எழுந்தருள வேண்டும்" என்று வேண்டி அதன்மேல் சாத்துங்கள். தமிழில் சொன்னாலே போதும். "பூசை முடியும்வரை" என்ற சொற்களை மட்டும் விடாதீர்கள். காலவரையறை சொல்லாமல் அழைத்தால் தினமும் நைவேத்தியம் வைக்கிற பொறுப்பும் சேர்ந்து வந்துவிடும்.

இனி நடக்கிறது விருந்து உபசாரம். இருக்கை, தண்ணீர், சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம், கற்பூரம். இந்த நேரத்தில் தட்டைத் தூக்கக்கூடாது. முடிந்ததும் பூவும் அட்சதையும் சாத்தி, "தங்கள் இடத்துக்கு எழுந்தருள வேண்டும்" என்று வேண்டி, பிள்ளையாரை வடக்குப் பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். அந்தச் சிறு நகர்த்தலோடு அது மறுபடியும் மஞ்சள். தண்ணீரில் கரைத்துப் பூமரத்தடியில் ஊற்றலாம். பொலித்தீன் பையில் கட்டிக் கடலில் எறிவது கரைப்பது ஆகாது.

நிறைகுடமும் கும்பமும்

நிறைகுடத்துக்கு மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் தலைவாழை இலை, நெல் அல்லது அரிசி, நடுவில் குடம். தண்ணீரை விளிம்புவரை நிரப்பினால் தேங்காய் வைத்ததும் வழிந்து அரிசி ஊறும். வாயிலிருந்து மூன்று விரல் குறைய நிறுத்துங்கள். மாவிலை ஐந்து அல்லது ஏழு, ஒற்றைப்படையில். தேங்காயைக் குடுமி விட்டு உரித்து, குடுமி மேலே பார்க்க வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் அசையாது. சின்னத் தேங்காய் என்றால் விழாவின் நடுவில் "ப்ளக்" என்று உள்ளே போய்விடும், அதற்கு மாவிலையை நெருக்கமாகச் செருகுவது ஒன்றே பரிகாரம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

கும்பத்துக்கு இவற்றோடு செம்பைச் சுற்றி நூல், தேங்காயோடு தர்ப்பைக் கூர்ச்சம் (தர்ப்பைப் புல்லைச் சேர்த்து முடிந்தது), தண்ணீரில் ஏலக்காய், கராம்பு, பச்சைக் கற்பூரம். பிறகு ஆவாகனம். ஆகவே வாசல் நிறைகுடம் காற்றில் விழுந்தால் நிமிர்த்தி வையுங்கள், கலியாணமே கெட்டது என்று அழ வேண்டாம். நவராத்திரிக் கும்பத்தை ஒன்பது நாளும் அசைக்காதீர்கள்.

பாடசாலை, அலுவலகம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் பக்கத்து மேசையில் முஸ்லிம் ஒருவரோ கிறிஸ்தவர் ஒருவரோ இருப்பார். இஸ்லாத்தில் இறைவனுக்கு எந்த உருவமும் இணையும் கிடையாது. கத்தோலிக்கர் சுரூபங்களை வணங்கினாலும், அந்த வணக்கம் உருவத்தைத் தாண்டி அதில் குறிக்கப்பட்டவருக்கே போகிறது என்பது கி.பி. 787இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் முடிவு. படைத்த உணவை அவர்களில் பலர் உண்ணமாட்டார்கள். ஆகவே படைப்பதற்கு முன்பே ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் கொஞ்சம் கடலையையும் வேறாக எடுத்து வைத்து, "இது படைக்காதது" என்று சொல்லிக் கொடுங்கள். கல்லைக் கும்பிடுகிறீர்களா என்று கேட்டால், கல்லில் எழுந்தருளும்படி வேண்டிக் கும்பிடுகிறோம் என்பது நேரான பதில்.

கோயிலில் இதே கணக்கு

திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்து மூலவரின் சாந்நித்தியத்தை, அதாவது இறை இருப்பை, கும்பநீர் வழியாக வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள். அதன் பிறகுதான் சிற்பி உளியோடு கருவறைக்குள் போகலாம். புது மூர்த்தி என்றால் நீரிலும் தானியத்திலும் கிடத்துவது, கண் திறப்பது, பீடத்தில் அட்டபந்தன மருந்து இட்டுப் பொருத்துவது என்று படிபடியாகப் போகும். எண்ணெய்க்காப்பு நாளில் அடியார்கள் எல்லோரும் உள்ளே போய்த் தம் கையாலேயே எண்ணெய் சாத்துவார்கள். கும்பாபிஷேகம் முடிந்தால் அதே கல்லைக் குருக்கள் தவிர எவரும் தொட முடியாது. தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகம்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலே இதற்குப் பெரிய சாட்சி. போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபின் மண்ணுக்குள் கிடந்த செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்தன. மண்ணிலிருந்து எடுத்ததும் நேரே பூசைக்கு வைத்துவிட முடியாது. சுத்தி செய்து மீண்டும் பிரதிட்டை செய்ய வேண்டும். கோயில் புதிதாக எழுந்து கும்பாபிஷேகம் கண்டது 1963இல். 1956இல் கோயில் நிற்கிற சுவாமிமலையடியில் கடலுக்குள்ளிருந்து சுழியோடி மைக் வில்சன் கண்டெடுத்த லிங்கமும் இன்று அங்கே உண்டு. பாணலிங்கம், சாளக்கிராமம் போல இயற்கையில் தானாக உருவானவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு ஆவாகனமும் வேண்டாம், அனுப்புதலும் இல்லை.

வீட்டில் வைப்பதும் விடுவதும்

பித்தளை, ஐம்பொன் விக்கிரகம் கட்டைவிரல் கணுவளவிலிருந்து ஒரு சாண் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கோயில் முறைப் பூசை கேட்கும் என்பது மரபு. கடைக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும்வரை அது சிலைதான். குருக்களைக் கொண்டு ஸ்தாபித்த பிறகு, வெளியூர் போகும்போது பூசைக்கு ஆள் பார்க்க வேண்டும். அது முடியாத வீட்டுக்குப் படமே போதும்.

படத்தின் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மாற்றுங்கள், அபசகுனம் தேட வேண்டாம். மங்கிய படங்களைக் கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு ஓடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், யாரோ ஒருவர் அந்தக் கண்ணாடித் துண்டில் மிதிப்பார். சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றி, தாளை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கால் படாத மூலையில் புதையுங்கள். களிமண் பிள்ளையார் வாளித் தண்ணீரிலேயே கரைவார். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் கரையாது, வாங்குமுன்பே பாருங்கள். பூசையில் இருந்த விக்கிரகத்துக்கு விரலோ கையோ முறிந்தால் நீங்களாக ஒட்டாதீர்கள். குருக்கள் கும்பத்தில் சாந்நித்தியத்தை எடுத்த பிறகுதான் அதை உருக்கவோ திருத்தவோ கொடுக்கலாம்.

நவராத்திரி முடிந்து கும்பத்தை அனுப்பிய பிறகு, மாவிலையால் அந்தத் தண்ணீரை வீடெங்கும் தெளித்து, மிச்சத்தைச் செடியடியில் ஊற்றுங்கள், வாய்க்காலில் அல்ல. அரிசியைச் சர்க்கரைப் பொங்கலுக்கும் தேங்காயை அதற்குப் பாலெடுக்கவும் பாவிக்கலாம். பத்து நாள் தண்ணீர்மேல் இருந்த தேங்காய் என்றபடியால், உடைத்ததும் மணத்துப் பார்த்துவிட்டுத் துருவுங்கள்.