ரீவா டெல் கார்டா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்டாவின் வடமுனையில், செங்குத்தான பாறை மலைகளுக்கு நடுவே இருக்கிறது ரீவா. இங்கே வருகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, காற்றைக் கணக்கில் எடுக்காமல் நாளைத் திட்டமிடுவதுதான். கோடையில் வானம் தெளிவாக இருந்தால் அதிகாலையில் வடக்கிலிருந்து பெலேர் என்ற காற்று அடிக்கும், நண்பகல் வாக்கில் தெற்கிலிருந்து ஓரா வரும். வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறி, மேலெழும் காற்றின் இடத்தை நிரப்ப ஏரிக் காற்று உள்ளே இழுபடுவதால்தான் ஓரா வீசுகிறது, அதனால் மேகமூட்டமான நாளில் அது வராமலே போகலாம்.

இது தெரியாமல், நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு மதியம் ஒரு மணிக்கு, நின்றபடி துடுப்பு போட்டுப் போகும் பலகையை வாடகைக்கு எடுத்தால் அலையோடு மல்லுக்கட்டுவதிலேயே நேரம் போய்விடும். பாய் கட்டிய பலகையில் காற்றோடு ஓடும் விண்ட்சர்ஃபிங் ஆட்களுக்கு அந்த நேரம்தான் கொண்டாட்டம், பக்கத்து ஊரான டோர்போலே கரையில் பாய்களாகவே தெரியும். புதியவர்களுக்கு ஏற்றது பெலேர் அடங்கி ஓரா தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி. அதிகாலையிலேயே இறங்காதீர்கள், பெலேர் உங்களைக் கரையிலிருந்து ஏரியின் நடுப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். எப்படியும் வாடகைக் கடைக்காரரிடம் அன்றைய காற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு, மிதவை அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சரி, மதியம் என்ன செய்வது? பொனாலே பாதைக்குப் போங்கள். மலைப்பாறையைக் குடைந்து 19ஆம் நூற்றாண்டில் போட்ட பழைய சாலை, இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். பாறை கிழக்கு பார்த்து நிற்பதால் காலையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், மதியத்துக்கு மேல் நிழல் விழுந்துவிடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து வாடிப் போகிறார்கள். காதில் இயர்போன் வேண்டாம், சுரங்க வளைவுகளில் மலைச் சைக்கிள்கள் சறுக்கிக்கொண்டு வேகமாக இறங்கி வரும்.

ஊருக்கு மேலே சீமா சாட் சிகரத்துக்குப் போகும் இரும்பு ஏணிப் பாதையைப் படத்தில் பார்த்துவிட்டு ஸ்போர்ட்ஸ் ஷூவோடு கிளம்புகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாறையோடு ஒட்டி நெட்டாக நிற்கும் ஏணி அது, ஹெல்மெட், இடுப்பு வார், விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் இணைப்புக் கயிறு மூன்றும் இல்லாமல் ஏறக்கூடாது. பழக்கம் இல்லாதவர்கள் வழிகாட்டியோடு போகட்டும்.

இதை வெறும் விளையாட்டு ஊராகவே பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. முதல் உலகப் போர் முடியும்வரை ரீவா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, போர்முனை இந்த மலைகளிலேயே ஓடியது, பொனாலே பாதையோரப் பாறைகளில் அன்றைய அரண்களை இன்றும் பார்க்கலாம். அதே பாதை போகும் லேட்ரோ பள்ளத்தாக்கில் 1929இல் மின்நிலையத்துக்காக அங்குள்ள லேட்ரோ ஏரியின் மட்டத்தைக் குறைத்தபோது வெண்கலக் காலக் குடியிருப்பின் மரத்தூண்கள் வெளியே வந்தன. 2011 முதல் அது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, கரையிலேயே அருங்காட்சியகமும் உண்டு. இந்தப் பக்கம் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சாப்பாடு. மதியம் மூன்று மணிக்குப் போனால் பல உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள், மாலை ஏழு மணி வாக்கில்தான் மறுபடி திறப்பார்கள். ஊர்ச் சிறப்பான கார்னே சலாடா உப்பில் ஊறிய மாட்டிறைச்சி. சைவர்கள் ஸ்ட்ராங்கோலாப்ரெட்டி கேட்கலாம், ரொட்டியும் கீரையும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள், மேலே உருக்கிய வெண்ணெய். ஆனால் மேலே தூவும் சீஸ் பெரும்பாலும் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது, கண்டிப்பான சைவர்கள் அது வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ரீவாவில் ரயில் நிலையம் கிடையாது. ரோவெரேட்டோவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், இரவு ரயிலில் வந்து இறங்கப் போகிறீர்கள் என்றால் கடைசிப் பேருந்து எப்போது என்று பார்த்துவிட்டே ரயில் டிக்கெட் எடுங்கள்.