நெய்வேலிச் சுற்றூர்களில் சி.எஸ்.ஆர். பற்றிக் கருத்துக் கேட்பது எப்படி?

சி.எஸ்.ஆர். என்பது கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கை மக்கள் நலனுக்குச் செலவிடும் சமூகப் பொறுப்புப் பணி. நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் போய் "கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணிகள் திருப்தியா?" என்று கேட்டால், "எங்க நிலத்துக்கு என்ன வழி?" என்ற கேள்விதான் பெரும்பாலும் பதிலாக வரும். கேட்கப் போனவர் இதைத் தலைப்புக்கு வெளியே போன பேச்சு என்று தள்ளிவிடுகிறார். ஆய்வு அங்கேயே கெட்டுவிடுகிறது. ஊர்க்காரர் கணக்கைச் சரியாகத்தான் சொல்கிறார். அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று தெரியாமல், கேட்கப் போனவர்தான் தடுமாறுகிறார். ஆகவே ஊருக்குள் போகும் முன் பேரேடுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பேரேடுகள் நான்கு. முதலாவது நில இழப்பீடும் மறுகுடியமர்வும். இரண்டாவது மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி: 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி சுரங்க நிறுவனம் உரிமத்தொகையோடு (ராயல்டி) சேர்த்துக் கட்டுவது, மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பது. மூன்றாவது சுற்றுச்சூழல் அனுமதியில் உள்ள நிபந்தனைகள். நான்காவதுதான் சி.எஸ்.ஆர்.: 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதம். வேறு சட்டப்படி செய்தே ஆகவேண்டியதை இதில் கணக்குக் காட்ட முடியாது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதையும் காட்ட முடியாது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அடுத்து, தாள்களைத் திரட்டுங்கள். ஆண்டறிக்கையின் சி.எஸ்.ஆர். இணைப்பை 3 ஆண்டுகளுக்கு எடுத்து, ஊர், பணி, ஒதுக்கீடு, செலவு, செயல்படுத்திய அமைப்பு என்று பட்டியல் போடுங்கள். என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம் என்பதால், பட்டியலில் ஊர்ப்பெயர் இல்லாத பணிகளுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். பதில் 30 நாளில் வரவேண்டும். "சி.எஸ்.ஆர். விவரம் தருக" என்று எழுதினால் ஆண்டறிக்கைப் பக்கத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர், ஆண்டு, பணி மூன்றையும் குறிப்பிட்டு, பணி முடிவுச் சான்றின் நகல் கேளுங்கள். 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு, அவை முடிந்து ஓராண்டான பிறகு வெளியார் மதிப்பீடு நடந்திருக்க வேண்டும் என்பது பெரிய நிறுவனங்களுக்கான விதி. அந்த அறிக்கையையும் கேளுங்கள்.

இனி யாரைக் கேட்பது? கம்பெனியின் செயலால் பயனோ பாதிப்போ அடையும் எல்லோரையும் அறிக்கைகளில் 'பங்குதாரர்' என்று எழுதுகிறார்கள். நிலத்தைக் கொடுத்த விவசாயி காதில் அது ஷேர் வைத்திருப்பவர் என்றுதான் விழும். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

ஐந்து ஊர்கள் போதும், ஆனால் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கட்டும்: சுரங்க விளிம்பில் ஒன்று, நிலம் எடுக்க அறிவிப்பு வந்த ஊர் ஒன்று, மறுகுடியமர்த்தப்பட்ட குடியிருப்பு ஒன்று, சுரங்க நீரில் பாசனம் செய்யும் ஊர் ஒன்று, கிணற்று நீர் கீழே போனதாகச் சொல்லும் ஊர் ஒன்று. இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பெயர்ந்து நீர் மேலே வந்துவிடும். ஒரே இறைப்பு ஓரிடத்தில் வாய்க்கால் நீராகவும் இன்னோரிடத்தில் வற்றிய கிணறு பற்றிய புகாராகவும் வந்து நிற்கும்.

ஊருக்கு 30 வீடு. வாக்காளர் பட்டியலை வைத்து, 300 வீடு இருந்தால் பத்துக்கு ஒன்று எடுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் நுழையாதீர்கள். பகலில் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர் வீடு, அவரை விட்டால் கணக்கே சாய்ந்துவிடும். மாலையிலும் ஞாயிறன்றும் இன்னும் இருமுறை போங்கள். நடவு, அறுவடை நாட்களில் போகவே வேண்டாம்.

குழுவாகக் கேட்பதற்கு 6 முதல் 8 பேர். நிலம் கொடுத்து வேலை பெற்றவர்களையும், கொடுத்தும் பெறாதவர்களையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் பேச்சு சண்டையாகும், அல்லது ஒரு பக்கம் வாய் திறக்காது. குத்தகைக்காரர், நிலமில்லாத கூலியாட்கள், ஒப்பந்தத் தொழிலாளர், பெண்கள் எனத் தனித்தனியாகக் கூட்டுங்கள். இழப்பீட்டுப் பட்டியலில் குத்தகைக்காரர் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஆகவே தேடித்தான் போகவேண்டும். ஊராட்சித் தலைவரை முதலில் போய்ப் பாருங்கள். ஆனால் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள்.

பேச்சைத் தொடங்கும் முன் புளியங்கொட்டை. ஆளுக்கு 20 கொட்டை, படம் வரைந்த 6 அட்டை: வேலை, குடிநீர், மருத்துவம், பள்ளி, சாலை, ஏரி தூர்வாரல். முதல் சுற்றில் எது வேண்டும் என்றும், இரண்டாம் சுற்றில் இதுவரை எது கிடைத்தது என்றும் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக, மறைவாக வைக்கட்டும். எல்லோர் கண்முன்னும் வைத்தால் முதல் ஆள் வைத்த அட்டையிலேயே மற்றவர்களும் குவிப்பார்கள். இரண்டு சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே உரையாடலை நடத்துங்கள்.

கேள்வியில் 'சி.எஸ்.ஆர்.' வேண்டாம். "மூணு வருஷத்துல கம்பெனி இந்த ஊருக்கு என்ன செஞ்சு குடுத்துச்சு? இப்ப அது ஓடுதா? யார் கேட்டு வந்துச்சு?" இந்த மூன்றும் போதும். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஊர் கேட்காமல் வந்த கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், புரிந்துவிடும்.

நில அளவைக்கு வந்தவர்களோ என்ற சந்தேகம் இந்த ஊர்களில் இயல்பு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதை யாரும் மறக்கவில்லை. நிறுவன வண்டியில் போகாதீர்கள். சர்வே எண், பட்டா எண் கேட்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கவே கூடாது.

சொன்னதை நேரில் சரிபாருங்கள். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் என்றால்: ஓடுகிறதா, மின்கட்டணம் யார் கட்டுவது, நீரை வடிகட்டும் மெம்பரேன் கடைசியாக எப்போது மாற்றியது? நீரில் கரைந்த உப்புகளின் அளவை டி.டி.எஸ். மீட்டரில் அளந்து, இந்தியத் தரநிலையின் ஏற்கத்தக்க அளவான லிட்டருக்கு 500 மில்லிகிராமோடு ஒப்பிடுங்கள். மருத்துவ முகாம் என்றால், எழுதித்தந்த மருந்து அடுத்த மாதமும் கிடைத்ததா என்று கேளுங்கள்.

நிறுவனத் தரப்பில் சி.எஸ்.ஆர். பிரிவோடு நிலப் பிரிவையும் பாருங்கள், தொழிற்சங்கங்களையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் தனித்தனியே. ஊரில் கிடைத்த பெயரையோ வாசகத்தையோ அங்கே சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வேலையையே பறிக்கலாம்.

தொகுக்கும்போது சராசரி எடுக்காதீர்கள். வாய்க்கால் நீர் பெற்ற ஊர் 4 மதிப்பெண்ணும் கிணறு வற்றிய ஊர் 1 மதிப்பெண்ணும் கொடுத்தால், 2.5 என்பது எந்த ஊரின் கருத்தும் அல்ல. ஊர்வாரியாக, தரப்புவாரியாக எழுதி, ஒவ்வொரு குறையின் எதிரிலும் நான்கு பேரேடுகளில் எது என்று குறியுங்கள். வேலை பற்றிய கோரிக்கை மறுகுடியமர்வுக்குப் போகட்டும், குடிநீர்க் கோரிக்கை கனிம அறக்கட்டளைக்கும் போகலாம். "பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தோமே" என்பது நிலப் பாக்கிக்குப் பதிலாகாது என்பதை அந்த அட்டவணையே காட்டும்.

அச்சுக்குப் போகும் முன் இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கிராமசபையில் தமிழில் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான நாட்கள். ஊர் திருத்தச் சொன்னதைத் திருத்தி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.