பனி தள்ளாத பாதையில் கார் ஓட்டப் போகிறீர்களா? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும் நம்மவர்கள் முதல் குளிர்காலத்தை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். நகரத்தில் பனி கொட்டினால் முக்கியமான தெருக்களுக்கு லொறி வந்து பனியைத் தள்ளி உப்பும் போட்டுவிடும். சிக்கல் வருவது அடுத்த குளிர்காலத்தில். அதற்குள் ஒரு எஸ்யூவி வாங்கியிருப்பார்கள். நண்பர் குடும்பங்கள் சேர்ந்து வடக்கே ஹலிபேர்ட்டன் பக்கமோ மஸ்கோகா பக்கமோ கொட்டேஜ் (விடுமுறை வீடு) வாடகைக்கு எடுப்பார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கடைசி நாலைந்து கிலோமீற்றர் காட்டுக்குள் போகும் மண்பாதை, அதில் யாரும் பனி தள்ளியிருக்க மாட்டார்கள். அந்தக் கடைசி நாலைந்து கிலோமீற்றருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டும். "என்னுடையது நாலு சில்லும் இழுக்கிற கார், எங்கேயும் போகும்" என்று பலர் சொல்கிறார்கள். நாலு சில்லும் இழுப்பது கார் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். பிரேக் பிடிக்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் எல்லாக் கார்களுக்குமே நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது. நிற்பதையும் திரும்புவதையும் தீர்மானிப்பது ரயரின் ரப்பர் மட்டுமே. கோடைக்கால ரயரோடு வரும் பெரிய எஸ்யூவியைவிட, நல்ல வின்டர் ரயர் பூட்டிய சாதாரண சின்னக் காரை நான் நம்புவேன்.

கிட்டத்தட்ட 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போனதும் சாதாரண ரயரின் ரப்பர், குளிரில் உறைகிற தேங்காயெண்ணெய்போல இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் தரையின் மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடுக்காது. வின்டர் ரயர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் முகப்பில் கத்தியால் கீறியதுபோல் நிறைய நுண்ணிய வெட்டுகள் இருக்கும். அவற்றில் பனி போய் அடைத்துக்கொள்ளும். பனியைப் பிடிப்பதற்குப் பனியைப்போல் வேறொன்றும் இல்லை என்பதால், அந்த அடைப்பே பிடிமானம் தரும்.

வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். "எம் பிளஸ் எஸ்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம் இல்லை. நாலு சில்லுக்கும் ஒரே மாதிரி போடுங்கள். காசு மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டுக்கு மட்டும் போட்டால், வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடும்.

புதிதாக வந்தவர்கள் பழைய ரயர் வாங்குவது வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ரயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். அடுத்தது பள்ளத்தின் ஆழம். அது 4 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால், சட்டப்படி ஓட்ட முடிந்தாலும் பனிக்கு உதவாது. அந்த ரயரோடு காட்டுப்பாதைக்குப் போகவே வேண்டாம்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான மலைச்சாலைகளுக்கு அக்டோபர் 1இலிருந்தே விதி தொடங்கிவிடும். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016இலிருந்து இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் வின்டர் ரயருக்குக் கட்டணத்தில் கழிவு கொடுத்தாக வேண்டும். நீங்கள் கேட்காமல் அவர்களாகக் கொடுக்க மாட்டார்கள், அதனால் கேளுங்கள். ஆணி பதித்த ரயருக்கு வட ஒன்ராறியோவில்தான் அனுமதி. ரொறன்ரோவில் இருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

அடுத்தது காற்று. இதைப் பற்றித்தான் நம்மவர்கள் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள், ஆனால் பனிப்பாதையில் இதைப்போல் கைகொடுப்பது வேறொன்றும் இல்லை. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறைந்தால் ரயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். 20 பாகையில் கராஜுக்குள் வைத்து 35 நிரப்பினீர்கள் என்றால், வெளியே மைனஸ் 20இல் அது 28க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எனவே நெடுஞ்சாலைக்கு ஏறுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரியாக நிரப்புங்கள். பிடிமானம் கூடும் என்று நினைத்து நெடுஞ்சாலையில் காற்றைக் குறைத்து ஓட்டுவது ஆபத்து. ரயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

ஆழமான, பொலபொலப்பான பனிக்குள் இறங்கியபின் கணக்கு மாறும். அங்கே காற்றைக் குறைத்தால் ரயர் தரையில் நீளவாக்கில் படர்ந்து உட்காரும். காரின் பாரம் பரவிவிடுவதால், பனியைத் தோண்டிக்கொண்டு கீழே போகாமல் அதன் மேலேயே போக முடியும். ஐஸ்லாந்தில் பனியாற்றின் மேல் ஜீப் ஓட்டுகிறவர்கள் பிரமாண்டமான ரயர்களில் ஒற்றை இலக்க அழுத்தம் வைத்து ஓட்டுகிறார்கள். சாதாரண எஸ்யூவியில் அந்த வேலை செய்தால் ரயர் சில்லின் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். 35இலிருந்து முதலில் 25க்குக் கொண்டுவந்து பாருங்கள், போதவில்லை என்றால் 20. அதற்குக் கீழே போக வேண்டாம். காற்றைக் குறைத்தபின் 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவோ, சடாரென்று திருப்பவோ கூடாது. ரயரின் பக்கவாட்டு உயரம் மிகக் குறைந்த கார்களில் இதை முயலவே வேண்டாம், கல் தட்டினால் விளிம்பு வளையும். திரும்பவும் தார்ச்சாலைக்கு வரும் இடத்தில் காற்றடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆகவே காரின் 12 வோல்ட் துளையில் செருகுகிற சிறிய காற்றுப் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

ரயரைச் சுற்றிப் பூட்டும் சங்கிலி பற்றியும் கேட்கிறார்கள். பனி இறுகி ஐஸான ஏற்றத்தில் அதற்கு நிகர் இல்லைதான். ஆனால் பல கார்களில் ரயருக்கும் உடம்புக்கும் இடையே சங்கிலிக்குப் போதிய இடம் இருக்காது. கையேட்டில் வேண்டாம் என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, பாதைக்கு வருவோம். "குளிர்காலப் பராமரிப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிய பலகையைக் கண்டால், அங்கேயே நிறுத்தி யோசியுங்கள். தொலைபேசியின் வரைபடம் குறுக்குவழி என்று அதற்குள் அனுப்பிவிடும், அதற்குப் பனி தெரியாது. கொட்டேஜ் எடுக்கும்போதே "கடைசிப் பாதையில் பனி தள்ளுவது யார், எப்போது?" என்று உரிமையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார்ச்சாலைக்கு வெளியே நடந்த சேதத்தை ஏற்க மாட்டோம் என்று பலவற்றில் இருக்கும். ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் சிறு வண்டி) தடங்கள் தட்டையாக, அழகாகத் தெரியும், ஆனால் அவை காருக்கு இல்லை.

அப்புறம் ஆழம். சாதாரணக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே 15 சென்ரிமீற்றர் அளவில்தான் இடைவெளி. எஸ்யூவிக்கு 20, சிலவற்றுக்கு இன்னும் கொஞ்சம். பனி அந்த உயரத்தைத் தாண்டினால் கார் வயிற்றால் பனியில் படுத்துவிடும், சில்லுகள் அந்தரத்தில் சுற்றும். அதனால் கீழே இறங்கி, பூட்ஸ் காலால் நடந்து பாருங்கள். பனி உங்கள் காரின் அந்த இடைவெளியை நெருங்குகிறது என்றால் திரும்பிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் திரும்புகிறார்கள்.

ஓட்டும்போது எல்லாமே மெதுவாக, ஒரே சீராக நடக்க வேண்டும். முன்னால் போன வண்டியின் தடம் இருந்தால் அதிலேயே போங்கள். ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள், பனி நிரவிய இடத்துக்குக் கீழே வடிகால் கான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஏற்றத்தில் அடிவாரத்திலேயே வேண்டிய வேகத்தை எடுத்துக்கொண்டு, நடுவில் கியர் மாறாமல், அக்சிலரேட்டரைக் கூட்டாமல் ஏறுங்கள். ஏற முடியாமல் நின்றுவிட்டால் அங்கே வைத்துக் காரைத் திருப்ப முயலாதீர்கள். குறுக்காக நின்றால் பக்கவாட்டில் சறுக்கும். நேராக ரிவேர்ஸில் இறங்குங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் விட்டு எஞ்சினே காரைப் பிடிக்கட்டும். பிரேக் மிதிக்கும்போது காலடியில் கடகடவென்று அதிர்ந்தால் பயந்து காலை எடுக்க வேண்டாம், சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது. ஆனால் பொலபொலப்பான பனியில் ஏபிஎஸ் உள்ள கார் நிற்க இன்னும் கூடுதல் தூரம் எடுக்கும், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

புதைந்துவிட்டால் முதல் அரை நிமிடத்தில் செய்வதுதான் முக்கியம். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சில்லு சுற்றச் சுற்ற அந்தச் சூட்டில் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடிபோன்ற ஐஸ் குழியாகிவிடும். இறங்கி முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைபட்ட நிலையில் எஞ்சின் ஓடினால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும், மணமே தெரியாமல் ஆளைக் கொல்லும். பிறகு சில்லுகளுக்கு முன்னும் பின்னும், காரின் வயிற்றுக்குக் கீழும் மண்வெட்டியால் அள்ளுங்கள். ஸ்டியரிங்கை நேராக்குங்கள். இழுக்கிற சில்லுக்கு முன்னால் மணலோ, பூனை மலம் கழிக்கக் கடையில் விற்கும் கட்டிபடாத மணலோ தூவுங்கள். ஒன்றும் இல்லையென்றால் கால்மிதியை வையுங்கள், ஆனால் அது பின்னால் பறந்து வரும், அந்தப் பக்கம் ஆள் நிற்கக் கூடாது. கடும் குளிரில் உப்பு வேலை செய்யாது. டிராக்‌ஷன் கொன்ட்ரோலை (சில்லு வழுக்கிச் சுற்றினால் இழுவையைக் குறைக்கும் வசதி) நிறுத்திவிட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி ஆட்டி வெளியே எடுங்கள்.

இன்னொரு வண்டி கயிறு போட்டு இழுக்க வந்தால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ட்ரெயிலர் மாட்டும் உருண்டைக் குமிழில் கயிறு போடக் கூடாது. அது முறிந்தால் குண்டுபோல் பறந்து வரும், அதில் உயிர் போயிருக்கிறது. இழுப்பதற்கென்று உள்ள கொளுக்கியிலேயே மாட்டுங்கள். பல கார்களில் அது பின்பெட்டிக்குள் கருவிகளோடு கழற்றி வைக்கப்பட்டிருக்கும், பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து திருகிப் பூட்ட வேண்டும். வீட்டில் வைத்தே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். இழுக்கும்போது பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால் காரை விட்டுப் போகாதீர்கள். 2006 நவம்பர் கடைசியில், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் ஒரு குடும்பம் இரவில் வழிதவறிப் பனி தள்ளாத மலைப்பாதையில் மாட்டிக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். சூட்டுக்காகக் காரின் ரயர்களைக்கூட எரித்தார்கள். ஒரு வாரம் காத்திருந்துவிட்டு, உதவி தேடி நடந்து போன கணவர் குளிரில் இறந்துபோனார். காரோடு இருந்த மனைவியையும் பிள்ளைகளையும் உயிரோடு மீட்டார்கள். வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதனைவிடக் கார் எளிதில் கண்ணில் படும். மணிக்கொரு முறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால், பாதி டாங்கி பெற்றோல் நீண்ட நேரம் தாங்கும். அல்கொன்குவின் பூங்காவை ஊடறுத்துப் போகும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் தொலைபேசி எடுக்காமல் போகலாம். எந்த வழியால் போகிறோம், எத்தனை மணிக்குள் சேருவோம் என்று ரொறன்ரோவில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போர்வை, தண்ணீர், சாப்பாடு, ரோர்ச், மண்வெட்டி, ஒரு மூட்டை மணல் எல்லாம் காரில் இருக்கட்டும்.

உறைந்த ஏரிக்கு மேல் யாராவது கார் ஓட்டுவதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். ஐஸின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். நீரோட்டம் உள்ள இடத்தில் அது எத்தனை மெல்லியது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இவ்வளவையும் பழக முதல் பனி விழுந்தபின் ஒரு காலியான வாகனத் தரிப்பிடம் போதும், இடத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். 20 கிலோமீற்றர் வேகத்தில் முழுப் பலத்தோடு பிரேக் மிதித்துப் பாருங்கள். கார் எங்கே போய் நிற்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

கடைசியாக ஒன்று. காட்டுப்பாதையிலிருந்து வந்து, காற்றடித்து, 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் நடுங்கினால் கார் பழுதாகிவிட்டது என்று உடனே பதற வேண்டாம். பெரும்பாலும் சில்லின் உட்பக்கத்தில் பனி கட்டியாக ஒட்டியிருக்கும். அடுத்த பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, தடியாலோ கைத்துடைப்பத்தாலோ நாலு சில்லின் உள்ளேயும் வழித்து எடுங்கள். அதற்குப் பிறகும் நடுங்கினால் மட்டும் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.