ஓடுகிற பூனையை வாட்டர்கலரில் பிடிப்பது எப்படி?

தூங்குகிற பூனையை யார் வேண்டுமானாலும் வரையலாம். அரைமணி நேரம் அசையாமல் கிடக்கும், காசு வாங்காத மாடல். சிக்கலெல்லாம் அது எதையோ பார்த்துவிட்டுப் பதுங்கி, பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்ட ஆரம்பிக்கும்போதுதான். அடுத்த நொடி பாய்ந்துவிடும். அந்த ஒரு நொடியை, கொஞ்சம் குறும்பும் சேர்த்து, ஏ5 தாளில் கொண்டுவருவதற்கான செய்முறை இது. பென்சில் பிடிக்கவும் தட்டையாக ஒரு வாஷ் (நீர்த்த கலரைச் சமமாகப் பூசுவது) போடவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

தாள்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), 100% பருத்தி. கஞ்சத்தனத்தை வேறு எதில் வேண்டுமானாலும் காட்டுங்கள், இதில் வேண்டாம். மரக்கூழ்த் தாளில் ஈரம் திட்டுத்திட்டாகக் காயும். பூனையின் ரோமம் வருவதே ஈரத்தில்தான் என்பதால், மட்டமான தாளில் எவ்வளவு பழகினாலும் கை திருந்தாது. பெரிய தாள் ஒன்று வாங்கி நீங்களே ஏ5 அளவுக்கு வெட்டிக்கொண்டால் செலவு குறையும்.

கலர்: ஐந்து டியூப் போதும். யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர், அல்ட்ராமரீன், மூக்குக்கும் காதுக்கும் ஒரு ரோஸ். காம்லின் ஆர்ட்டிஸ்ட் தரமே இதற்குத் தாராளம். கறுப்பு டியூபை வாங்கவே வாங்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

பிரஷ்: ரவுண்ட் 2, 6, 10. சிந்தெடிக் போதும், முனை கூராக நிற்கிறதா என்று மட்டும் கடையிலேயே நனைத்துப் பாருங்கள்.

மற்றவை: 2பி பென்சில், பிசைகிற ரப்பர், டிஷ்யூ, மாஸ்கிங் டேப், வெள்ளை ஜெல் பேனா. பேனாவில் யூனிபால் சிக்னோவை விட்டு வேறு எதற்கும் போக மாட்டேன்.

மாஸ்கிங் ஃப்ளூயிட் (கலர் படாமலிருக்கத் தாளில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) வேண்டாம். மீசைக்காக எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ரப்பர் பாலில் அம்மோனியா கலந்த சரக்கு அது. நாற்றம் ஒரு பக்கம், பிரஷ் பாழாவது ஒரு பக்கம். அதற்கு மேல், உரித்தெடுத்த பின் கிடைக்கிற வெள்ளைக் கோடு நூல் மாதிரி ஒரே தடிமனில் இருக்கும். மீசை அடியில் தடித்து நுனியில் காணாமல் போக வேண்டும்.

பூனை இருக்கும் வீட்டுக்கு இன்னும் சில விதிகள். பூனை தன் பாதத்தை நக்கித்தான் சுத்தம் செய்யும். பாதத்தில் பட்டது எல்லாம் வயிற்றுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபின் பின்பக்கம் பிஒய்35, பிஆர்108 என்று போட்டிருந்தால் அது காட்மியம், பிபி28 என்றால் கோபால்ட். இரண்டும் இந்தப் படத்துக்குத் தேவையில்லை, வெளியே எடுக்காதீர்கள். டர்பன்டைன் (எண்ணெய்க் கலரைக் கரைக்கும் திரவம்) இருக்கும் அறைக்குள் பூனையை விடவே கூடாது; பல ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு நம்மைவிட மிகக் குறைவு. பிரஷ் கழுவுகிற தண்ணீரைக் குடிப்பதில் பூனைக்கு ஏனோ தனி ஆசை. மூடி போட்ட, அடி கனமான கண்ணாடி ஜாடி வையுங்கள். கலர் கலக்கப் பிளாஸ்டிக் தட்டு ஆகாது, ஒரு தட்டலில் தரைக்கு வந்துவிடும். பழைய பீங்கான் சாப்பாட்டுத் தட்டு அசையாது.

பூச்சாடிக்குப் பக்கத்தில் பூனை என்று ஒரு படம் போட ஆசைப்பட்டால் லில்லிப் பூவை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துபோகலாம்.

1. விளையாட வைத்துப் பார்ப்பது

பூனை சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான். சாப்பாடு வைப்பதற்கு முன் பிடித்தால் உத்தமம். வயிறு நிறைந்த பூனை உங்களை மதிக்காது. விளக்குமாற்று ஈர்க்குச்சி நான்கைச் சேர்த்துக் கட்டி, நுனியில் ஒரு கசக்கிய காகிதம். அவ்வளவுதான் பொம்மை. நூல்கண்டு படத்தில் அழகு. நிஜத்தில் பூனை நூலை விழுங்கினால் குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை போகும். நூலைப் பின்னால் கற்பனையில் வரைந்துகொள்ளலாம்.

போனில் ஸ்லோ மோஷன், நொடிக்கு 120 ஃபிரேமே போதும். தரையில் உட்காருங்கள், போன் பூனையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குச்சியாகவும் விழும். அப்படியே பார்த்து வரைந்தால் பூனை எலி மாதிரி ஆகிவிடும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்குள் அதற்கே அலுத்துவிடும்.

2. இருபது நொடிக் கோடுகள்

வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒரு ஃபிரேமுக்கு இருபது நொடி என்று குறைந்தது பதினைந்து கிறுக்கல்கள் போடுங்கள். பழைய பில்லின் பின்பக்கம் போதும். முதல் கோடு காதோ கண்ணோ அல்ல, முதுகெலும்பு. மூக்கு நுனியில் தொடங்கி வால் நுனியில் முடியும் ஒரே வீச்சு. வால் தனி உறுப்பல்ல, அந்தக் கோட்டின் மிச்சம். அதன்மேல் மூன்று உருண்டை: தலை, விலாக்கூடு, இடுப்பு. விலாக்கூட்டை முட்டை வடிவில் பெரிதாக்குங்கள். விலாக்கூட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பூனை. பதுங்கும்போது அது சுருங்கும், பாயும்போது ஒன்றரை மடங்காக நீளும். அந்த இடைவெளியை எல்லாப் படத்திலும் ஒரே அளவில் போடுகிறவர்களின் பூனைதான் பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி நிற்கிறது.

இரண்டு மூட்டுகளில் எல்லோரும் வழுக்குவார்கள்.

பின்கால்: பின்பக்கமாக மடங்கித் தெரிகிறதே, அது முட்டி அல்ல, குதிகால். பூனை விரல்களில் நடக்கிற பிராணி. உண்மையான முட்டி மேலே, வயிற்றோடு ஒட்டி, முன்னோக்கி இருக்கும். குதிகாலை உயரத் தூக்கி வரையுங்கள், பாதம் நீளமாக வரும். பாய்ச்சலின் விசையே அங்கேதான் இருக்கிறது.

தோள்: பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு மூட்டாகச் சேர்வதில்லை, தசையில் மிதக்கிறது. தோள்பட்டையையும் தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் பதுங்கும்போது தலை கீழே போய், இரண்டு தோள்பட்டைகளும் முதுகுக் கோட்டைத் தாண்டி மேலே எழும்பும். அந்த இரண்டு மேடுகளைப் போட்டாலே போதும், பார்க்கிறவருக்கு இது வேட்டைக்குப் போகிறது என்று புரிந்துவிடும்.

3. குறும்பைச் சேர்ப்பது

உடம்பு உண்மையாக இருக்க வேண்டும், சூழ்நிலை மட்டும் பொய்யாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஆகிவிடும்.

இதற்கு மாமல்லபுரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் புடைப்புச் சிற்பத்தில், பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு பூனை பின்கால்களில் நிமிர்ந்து, முன்கால்கள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். மேலே இடப்பக்கம் கைகளைத் தூக்கி நிற்கும் தவசியின் அதே நிலை. சிற்பி பூனைக்குக் காவி கட்டவில்லை, தாடி வைக்கவில்லை. சோம்பல் முறிக்கும்போதும் பூச்சியைப் பிடிக்க எழும்பும்போதும் எந்தப் பூனையும் செய்கிற காரியத்தைத் தவசிக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான். கொல்கத்தாவின் 19ஆம் நூற்றாண்டுக் காளிகாட் ஓவியங்களில் வரும் பூனையும் இதே வகை. நெற்றியில் வைணவத் திலகம், வாயில் இறால். இங்கிலாந்தில் ஓவியர் லூயி வெய்ன் தன் பூனை பீட்டரை வரைந்து வரைந்து கை பழகியவர். 1886இல் வெளியான அவருடைய கிறிஸ்துமஸ் விருந்துப் படத்தில் பூனைகள் மனிதர் போல விருந்து கொண்டாடினாலும் இன்னும் நாலு காலில்தான் இருந்தன. சட்டையும் கண்ணாடியும் பிறகு வந்தவை.

ஆக, உங்கள் பதினைந்து கிறுக்கல்களில் ஒன்றை எடுத்து, 'இந்த நிலையில் ஒரு மனிதர் இருந்தால் என்ன செய்துகொண்டிருப்பார்?' என்று கேளுங்கள். எழும்பி இரண்டு முன்கால்களாலும் காற்றைப் பிடிக்கிற பூனை, ஓடும் பஸ்ஸின் கம்பியைப் பிடிக்கிறவர். பக்கவாட்டில் முதுகை வளைத்துத் துள்ளுகிற குட்டி, சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டியவர். படத்தில் ஒரே ஒரு பொருளைச் சேருங்கள்: ஒரு கம்பி, ஒரு குடை, ஒரு டிபன் கேரியர். இரண்டாவது பொருள் வந்தால் முதலாவதின் சிரிப்பு செத்துவிடும்.

4. தாளுக்கு மாற்றுவது

கிறுக்கலை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே தாளை வைத்து 2பி பென்சிலால் மெல்லத் தடம் எடுங்கள். பிசைகிற ரப்பரை உருட்டி, கோடு பாதி மறையும் வரை ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். நான்கு ஓரமும் டேப்பால் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

5. முதலில் கண்

கண் கெட்டால் படம் கெட்டது. ரோமம் வரை போய்விட்டுத் தெரிந்துகொள்வதைவிட முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. விளையாடும் பூனையின் கண் பாப்பா கீற்றாக இருக்காது, கிட்டத்தட்ட முழு வட்டமாக விரிந்திருக்கும். கீற்றுப் பாப்பா போட்டால் வெயிலில் சோம்பலாக உட்கார்ந்திருக்கிற பூனை ஆகிவிடும். மேலே ஒரு கடுகளவு வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மினுக்கு இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில்தான் கருவிழி வளையம் வெளிறித் தெரியும்.

6. ரோமம்: இங்கே நிதானம்

முடி முடியாகக் கோடு இழுத்தால் பூனை வராது, முள்ளெலி வரும். உடம்பின் ரோமம் கோடு அல்ல, மங்குகிற ஓரம். அதைச் செய்வது பிரஷ் அல்ல, தாளில் இருக்கும் ஈரம்.

10ஆம் பிரஷில் வெறும் தண்ணீர் எடுத்து, பூனையின் உடம்பு முழுவதும், எல்லைக் கோட்டை அரை செ.மீ. தாண்டியும் நனையுங்கள். இப்போது தாளைச் சாய்த்து ஜன்னலுக்கு எதிரே பாருங்கள். ஈரத்துக்கு மூன்று பருவம் உண்டு.

கண்ணாடி மாதிரி பளபளவென்றிருந்தால் அதிகம். கலரைத் தொட்டால் ஊர் முழுக்க ஓடும். அடிப்படைக் கலருக்கு மட்டும் இது சரி: நீர்மோர் பதத்தில் யெல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியென்னாவும், உங்கள் வீட்டுப் பூனை ஆரஞ்சு நிறம் என்றால்.

பளபளப்பு போய் பட்டுத்துணி மாதிரி ஒரு மினுமினுப்பு மட்டும் மிஞ்சும்போதுதான் ரோமத்துக்கான நேரம். இப்போது தொட்டால் கலர் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் பஞ்சாக விரிந்து நிற்கும். கழுத்து, வயிறு, வால் ஓரங்களில் 6ஆம் பிரஷ் நுனியால் ரோமம் போகும் திசையில் தட்டித் தட்டி விடுங்கள். கலர் கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும்.

மினுமினுப்பும் போய்விட்டது, ஆனால் புறங்கையால் தொட்டால் சில்லென்றிருக்கிறது என்றால், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கிறது. இந்த நேரத்தில் நீர் அதிகமுள்ள பிரஷ் பட்டால், அந்த நீர் காயத் தொடங்கிய பகுதிக்குள் பரவி, அங்கிருந்த கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை. அது வந்துவிட்டால் துடைக்காதீர்கள், துடைத்தால் இன்னும் பெரிதாகும். முழுதும் காயவிட்டு, அதன்மேல் பூனையின் உடம்பு வரி ஒன்றைப் போட்டு மறைப்பதுதான் வழி.

நினைவில் வைக்க ஒரே சூத்திரம்: பிரஷில் இருக்கும் நீர் எப்போதும் தாளில் இருக்கும் நீரைவிடக் குறைவாக இருக்கட்டும்.

மின்விசிறியை அணையுங்கள். சித்திரையில் ஃபேனுக்குக் கீழே அந்தப் பட்டுப் பருவம் ஒரு நிமிடம்கூடத் தங்காது. ஐப்பசி மழையில் அதே தாள் காயவே காயாது. யூடியூபில் குளிர்நாட்டுக்காரர் சொல்லும் நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம், மினுமினுப்பை மட்டும் நம்புங்கள்.

7. வரிகள், கறுப்பு, வெள்ளை

முழுதும் காய்ந்த பின் வரிகள். பர்ன்ட் அம்பரில் துளி அல்ட்ராமரீன். வரி உடம்பைச் சுற்றிப் போகிற வளையல், தட்டையான கோடு அல்ல. நெற்றியில் 'எம்' எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கும், தவறாமல் போடுங்கள்.

கறுப்புப் பூனைக்கு அல்ட்ராமரீன் இரண்டு பங்கு, பர்ன்ட் சியென்னா ஒரு பங்கு. டியூப் கறுப்பு தாளில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். இந்தக் கலவையில் ஓரங்களில் நீலமும் பழுப்பும் பிரிந்து வரும். வெள்ளைப் பூனையை வரையவே வேண்டாம், பின்புலத்தை வரையுங்கள். வயிற்றுக்கு அடியில் மட்டும் நீர்மோர் பதத்தில் அல்ட்ராமரீனும் ரோஸும்.

8. நிழலும் மீசையும்

பாய்கிற பூனையின் நிழல் காலோடு ஒட்டியிருந்தால் அது நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு செ.மீ. கீழே தள்ளி, ஓரம் மங்கலாக ஒரு நீள்வட்டம் போடுங்கள், பூனை உடனே காற்றில் ஏறிவிடும். இடைவெளி கூடக் கூட உயரம் கூடும்.

மீசை கடைசி. ஜெல் பேனாவை அடியில் அழுத்தித் தொடங்கி, ஒரே வீச்சில் கையை மேலே எடுத்துவிடுங்கள். வேட்டையில் இருக்கும் பூனையின் மீசை முன்பக்கம் விசிறி மாதிரி வரும், பயந்த பூனைக்குக் கன்னத்தோடு படிந்திருக்கும்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்களில் பலருக்கு ஜெல் பேனா எழுதவில்லை. தாள் உள்ளே ஈரமாக இருந்ததுதான் காரணம். புறங்கைச் சோதனை செய்து, சில்லிப்பு அடங்கும் வரை காத்திருங்கள்.

நனைக்கும்போதே தாளில் கலர் புள்ளி புள்ளியாக உறிஞ்சப்படுகிறது என்றால் தப்பு உங்கள் மேல் இல்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறி, தாளின் மேலே பூசியிருக்கும் பசை கெட்டுவிட்டது. அந்தத் தாளைக் கிறுக்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதியதை ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

ஈரப் படத்தில் பூனை முடி விழுந்தால் உடனே எடுக்கப் போகாதீர்கள், கோடு இழுத்துவிடும். காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பைப் பிசுபிசுப்பு குறையும் வரை துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்து, அதனால் ஒற்றினால் வந்துவிடும்.

பூனையே நடந்துபோய்விட்டால், முதலில் பாதத்தை ஈரத்துணியால் துடையுங்கள். தாளை அப்புறம் பார்க்கலாம்.