பத்து சுவிட்ச், தலைக்கு மூணு கேபிள், எப்படி கோக்குறது?

கையில பத்து நெட்வொர்க் சுவிட்ச் (கம்ப்யூட்டர்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற பெட்டி) இருக்கு, ஒரு சுவிட்ச்ல இருந்து இன்னொரு சுவிட்சுக்குப் போக மூணு போர்ட் தான் ஒதுக்க முடியும்னு வைங்க. நம்மாளுங்க பாதி பேரு உடனே வட்டமா ஒரு ரிங் போட்டுட்டு போயிடுவாங்க. ரிங் தப்புன்னு சொல்லல, ஆனா ரெண்டு கேபிள் போச்சுன்னா நெட்வொர்க் ரெண்டு துண்டு, அதோட எதிர்ப்பக்கம் இருக்கற சுவிட்சுக்குப் போக 5 ஹாப் (ஒரு கேபிள தாண்டினா ஒரு ஹாப்). மூணாவது போர்ட் வேற சும்மா கிடக்கும்.

கேபிள வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. சுவிட்ச் ஒரு புள்ளி, கேபிள் ஒரு கோடு, அவ்வளவுதான் கிராஃப். இப்ப ஒரு புள்ளில நின்னு எண்ணுங்க: நீங்க 1, பக்கத்துல 3 பேரு, அவங்க ஒவ்வொருத்தருக்கும் உங்கள விட்டா இன்னும் 2 பேரு, ஆக 6. மொத்தம் 1 + 3 + 6 = 10. அதாவது மூணு போர்ட்ட வச்சு 2 ஹாப்ல அதிகபட்சம் 10 சுவிட்ச் தான் எட்டும், இதுக்கு மூர் பவுண்ட்னு பேரு. நம்மகிட்ட இருக்கறதும் சரியா 10. ஒரு கேபிள் கூட வீணாகாம இத அடிக்கிற கிராஃப் ஒண்ணு இருக்கு, பீட்டர்சன் கிராஃப். (7 போர்ட்னா 50 சுவிட்ச், அதுக்கும் கிராஃப் இருக்குன்னு 1960ல ஹாஃப்மனும் சிங்கிள்டனும் காட்டிட்டாங்க. 57 போர்ட்னா 3250, அப்படி ஒண்ணு இருக்கா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.)

நெட்ல தேடினா ஐங்கோணத்துக்குள்ள நட்சத்திரம் போட்ட படம் வரும், அத பாத்து கேபிள் இழுக்காதீங்க, கண்டிப்பா எங்கயாவது மாத்தி சொருகிடுவீங்க. பேர வச்சு கட்டுறது தான் ஈஸி. 1ல இருந்து 5 வரைக்கும் இருக்கற நம்பர்ல ரெண்டு ரெண்டா எடுத்து சுவிட்சுக்கு பேரு வைங்க: 12, 13, 14, 15, 23, 24, 25, 34, 35, 45. சரியா பத்து. ரூல் ஒண்ணே ஒண்ணு, பேர்ல பொது நம்பர் இல்லாத ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல தான் கேபிள். 12க்கு 34, 35, 45. 13க்கு 24, 25, 45. மிச்சத்த நீங்களே எழுதுங்க, மொத்தம் 15 கேபிள் வரணும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா ரூட்டும் பேர்லயே இருக்கு. 12ல இருந்து 13க்கு போகணுமா, ரெண்டு பேர்லயும் இல்லாத நம்பர் 4ம் 5ம், அப்ப 45 வழியா போ. டேபிளே பாக்க வேணாம். சராசரி தூரம் ரிங்ல 2.78 ஹாப், இதுல 1.67.

அடுத்து அறுத்துப் பாக்கணும். எந்த ரெண்டு கேபிள் போனாலும் நெட்வொர்க் துண்டாகாது. ஆனா 12–34 கேபிள் அறுந்துதுன்னா அந்த ரெண்டும் பேச 12, 35, 14, 25, 34னு 4 ஹாப் சுத்தணும், நேத்து வரைக்கும் பக்கத்து வீடு. இந்த சோதனைய கையால செய்ய சோம்பலா இருந்தா பைத்தான்ல நெட்வொர்க்எக்ஸ்னு கிராஃப் கணக்கு போடற லைப்ரரி இருக்கு, ஒவ்வொரு கோடா எடுத்துட்டு டயமீட்டர் (ரொம்ப தள்ளி இருக்கற ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல எத்தன ஹாப்) கேளுங்க.

இப்ப நான் வாங்கின அடி. இத அப்படியே ரூட்டிங் தெரியாத சாதா லேயர் 2 சுவிட்ச்ல சொருகினேன், வேகமே ஏறல. பாத்தா ஸ்பானிங் ட்ரீ ப்ரோட்டோகால் தன் வேலைய செஞ்சிருக்கு, 1985ல ராடியா பெர்ல்மன் எழுதினதே லூப்ப (சுத்தி வந்து சேர்ற வழிய) அடைக்கத்தான், 10 சுவிட்சுக்கு ட்ரீன்னா 9 கேபிள், ஆக மிச்சம் 6ம் பிளாக். அதுகூட இல்லாத மலிவு சுவிட்ச்னா இன்னும் மோசம், ஒரே செய்தி லூப்ல சுத்தி சுத்திப் பெருகுற ப்ராட்காஸ்ட் ஸ்டார்ம் வந்து மொத்தமும் படுத்துடும். அதனால இந்த மாதிரி டிசைனுக்கு ரூட்டிங் தெரிஞ்ச லேயர் 3 சுவிட்ச் தான், சுவிட்சுங்களே குறுக்கு வழிய கண்டுபிடிக்கிற ஓஎஸ்பிஎஃப் ப்ரோட்டோகால ஓட விடுங்க.

இன்னொரு குறையும் சொல்லிடறேன். எந்த ரெண்டு சுவிட்சுக்கும் குறுக்கு வழி ஒண்ணே ஒண்ணு தான், அதனால ட்ராஃபிக்க பிரிச்சு விட முடியாது. பிரிச்சு விடறது தான் முக்கியம்னா ஹைப்பர்க்யூப் போடுங்க: 8 சுவிட்ச், 000ல இருந்து 111 வரைக்கும் பேரு, ஒரே ஒரு பிட் மட்டும் மாறினா கேபிள். 12 கேபிள் போதும், 000ல இருந்து 111க்கு 3 ஹாப் ஆகும், ஆனா அந்த 3 ஹாப்புக்கு 6 வழி. 1980கள் ஆரம்பத்துல கால்டெக்ல 64 ப்ராசஸர இப்படி கோத்துதான் காஸ்மிக் க்யூப் கட்டினாங்க.

சுவிட்ச் எல்லாம் ஒரே ரேக்லயோ ஒரே மாடியிலயோ இருந்தா தான் இந்த கணக்கு. கட்டடம் கட்டடமா இருந்தா கேபிள் நீளம் தான் காசு, அப்ப கோட்டு மேல மீட்டர எழுதி மினிமம் ஸ்பானிங் ட்ரீயில (எல்லாத்தையும் இணைக்கிற, மொத்த நீளம் குறைஞ்ச ட்ரீ) ஆரம்பிங்க, 1926ல செக் கணிதவியலாளர் பொரூவ்கா மொராவியாவுக்கு கரண்ட் லைன் இழுக்க செஞ்ச அதே கணக்கு, அப்புறம் எந்த கேபிள் போனா ஊர் ரெண்டாகுதோ அங்க மட்டும் இன்னொண்ணு இழுங்க.

பீட்டர்சனே போடறவங்க கேபிளோட ரெண்டு முனையிலயும் 12–34ன்னு டேப் ஒட்டுங்க. எந்த டேப்லயாவது ஒரே நம்பர் ரெண்டு தடவ வந்துதுன்னா அந்த கேபிள் தப்பா சொருகியிருக்கு.