கலர் நெகடிவ்வைப் படமாக்குவது எப்படி? கிம்ப் மென்பொருளில் படிப்படியாக

கலர் நெகடிவ்வை ஸ்கேன் செய்து, கணினியில் திறந்து, ‘இன்வர்ட்’ கொடுத்தால் என்ன வரும்? ஆட்கள் தெரிவார்கள். ஆனால் எல்லோரும் நீலத்தில் முக்கி எடுத்தது போல வெளிறிப் போய் நிற்பார்கள். மென்பொருளில் கோளாறு ஒன்றும் இல்லை. ஃபிலிமின் ஆரஞ்சு நிறமும் படத்தோடு சேர்ந்து தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஆரஞ்சு அழுக்கல்ல, பழசானதால் வந்த கறையும் அல்ல. ஃபிலிமில் படத்தை உருவாக்கும் சாயங்கள் முழுச் சுத்தமானவை இல்லை. மெஜந்தா என்னும் இளஞ்சிவப்பு-ஊதாச் சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும். அதுவோ நீல ஒளியையும் கொஞ்சம் விழுங்கிவிடும். இதைச் சரிக்கட்ட, மெஜந்தா உருவாகாத இடங்களில் மஞ்சள் மிஞ்சி நிற்கும்படி ஃபிலிமைத் தயாரிக்கிறார்கள். சயான் என்னும் நீலப்பச்சைச் சாயத்துக்கும் இதேபோல ஓர் ஏற்பாடு உண்டு. அங்கே மிஞ்சுவது செந்நிறம். இவை சேர்ந்தால் கண்ணுக்கு ஆரஞ்சு. இதனால் நமக்கு ஒரு லாபம்: தேவையற்ற உறிஞ்சல் ஃபிலிம் முழுக்க ஒரே அளவாகிவிடுகிறது. ஒரே அளவில் இருப்பதை ஒரே நிறத்தால் வகுத்து நீக்கிவிடலாம். கீழே சொல்லும் முறை முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது. 1972-இல் வந்த சி-41 முறையில் கழுவிய கலர் நெகடிவ்களுக்கு இது பொருந்தும்.

முதலில், கோப்பு சரியாக இருக்க வேண்டும்

ஸ்கேனர் என்றால் ‘நெகடிவ்’ என்று தேர்ந்தெடுக்காமல் ‘பாசிட்டிவ்’ அல்லது ‘ஸ்லைடு’ என்று வைத்து, தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 48 பிட் கலர் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 பிட்), டிஃப் கோப்பு, 2400 டிபிஐ. 36 × 24 மி.மீ. பிரேமுக்கு இது ஏறத்தாழ 3400 × 2270 பிக்சல் தரும்.

கேமராவில் எடுத்தால் மேக்ரோ லென்ஸ், ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு). அடியிலிருந்து வரும் வெளிச்சம் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேற்பட்ட வெள்ளை எல்இடியாக இருந்தால் நல்லது. ஷட்டர் வேகத்தையும் ஒயிட் பேலன்ஸையும் ஒரு முறை வைத்துவிட்டு ரோல் முடியும் வரை தொடாதீர்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு பிரேமும் ஒரு நிறத்தில் வந்து நிற்கும். பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். ஓரத்து எழுத்துகள் நேராகப் படிக்க வந்தால் படமும் நேராக இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். படம் பதியாத ஓரப் பகுதி கொஞ்சமாவது கோப்பில் விழ வேண்டும், அது நமக்கு அளவுகோல். அந்த ஓரத்தில் சிவப்பு சேனல் (படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளில் ஒன்று) உச்ச அளவான 255-ஐ முட்டி நிற்கவும் கூடாது. ஆரஞ்சு ஃபிலிமில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புதான். வழிந்துவிட்டால், முடிந்த படத்தின் நிழல்களில் சயான் சாய்வு வரும். அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

8 பிட் ஜேபெக் ஏன் கூடாது? நெகடிவ்வில் கான்ட்ராஸ்ட் குறைவு. நீல சேனல் 0 முதல் 255 வரை உள்ள அளவில் 70 படிகளுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கலாம். அதை முழு அகலத்துக்கு இழுக்கும்போது வானம் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். ரா கோப்பை டார்க்டேபிள், ராதெரபி போன்ற ரா மென்பொருளில் திறந்து, ஷார்ப்பனிங், கான்ட்ராஸ்ட் எதுவும் சேர்க்காமல் 16 பிட் டிஃப் ஆக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஓரத்தின் நிறத்தை எடுத்தல்

கிம்ப் 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பழையவை 8 பிட்டோடு நின்றுவிடும். கோப்பைத் திறந்து, இமேஜ் மெனுவில் பிரிசிஷன் 16 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலர் பிக்கர் கருவியில் ‘சாம்பிள் ஆவரேஜ்’ போட்டு, ஆரம் 10 பிக்சலுக்குக் குறையாமல் வைத்து, ஓரத்து ஆரஞ்சில் கிளிக் செய்யுங்கள். ஃபிலிம் ஓரத்துத் துளைக்குள் கிளிக் செய்யாதீர்கள், அங்கே ஃபிலிமே கிடையாது. உதாரணமாக சிவப்பு 220, பச்சை 140, நீலம் 95 என்று ஏதோ ஒரு விகிதம் வரும். மூன்றும் ஏறக்குறைய சமமாக வந்தால், ஸ்கேனர் ஏற்கெனவே கைவைத்துவிட்டது என்று பொருள்.

படி 2: வகுத்தல்

புதிய லேயர் (படத்தின் மேல் வைக்கும் அடுக்கு) ஒன்றை மேலே சேர்த்து, நிரப்புவதற்கு ‘ஃபோர்கிரவுண்ட் கலர்’ தேர்ந்தெடுங்கள். லேயர் மோடை ‘டிவைட்’ ஆக்குங்கள். உடனே ஓரம் வெள்ளையாகும், ஆரஞ்சு காணாமல் போகும். இப்போது இருப்பது வழக்கமான, நிறச் சாய்வில்லாத நெகடிவ். ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ கொடுத்து இதைத் தனி லேயராக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: தலைகீழாக்கல்

கலர்ஸ் மெனுவில் ‘இன்வர்ட்’. பக்கத்திலேயே ‘லீனியர் இன்வர்ட்’, ‘வேல்யூ இன்வர்ட்’ என்று இரண்டு இருக்கும். முதலாவது படத்தை வெளுக்கச் செய்யும். இரண்டாவது வெளிச்சத்தை மட்டும் திருப்பிவிட்டு நிறத்தை அப்படியே விட்டுவிடும். இரண்டும் நமக்கு வேண்டாம். மங்கலான, உயிரில்லாத ஒரு படம் வந்திருக்கும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் வர வேண்டும்.

படி 4: கிராப்

ஓரம், துளைகள், பிரேம்களுக்கு நடுவிலுள்ள கோடு எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். இதை இப்போதே செய்ய வேண்டும். ஓரம் ஒரு நூலளவு உள்ளே இருந்தாலும் ஹிஸ்டோகிராமின் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) இடது கோடியில் போய் உட்கார்ந்துகொண்டு, கருப்பு அங்கேதான் தொடங்குகிறது என்று அடுத்த படியில் உங்களை ஏமாற்றும்.

படி 5: லெவல்ஸ், சேனல் சேனலாக

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்து, சேனலை ‘வேல்யூ’விலிருந்து ‘ரெட்’டுக்கு மாற்றுங்கள். இடது முக்கோணத்தை ஹிஸ்டோகிராம் மேடு தொடங்கும் இடத்துக்கும், வலது முக்கோணத்தை அது முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். அடுத்து பச்சை, பிறகு நீலம். நடுவில் படம் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறி மாறிக் காட்டும். மூன்றும் முடியும் வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வலது பக்கத்தில் நூல்போல நீளும் மெல்லிய வால் பெரும்பாலும் தூசிதான். தூசி ஒளியை மறைக்கும், தலைகீழானதும் வெள்ளைப் புள்ளியாகும். அந்த வாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இப்போது நடு முக்கோணம். படத்தில் சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய ஒன்றைத் தேடுங்கள்: தார்ச் சாலை, சிமெண்ட் சுவர், வெள்ளைச் சட்டையின் நிழல் மடிப்பு. அங்கே மூன்று சேனல்களின் எண்களும் சமமாக வரும்வரை சரிசெய்ய வேண்டும். படம் மஞ்சளடித்தால் நீல சேனலின் நடு மதிப்பை 1.00-இலிருந்து 1.10-க்கு ஏற்றுங்கள். மெஜந்தா அடித்தால் பச்சையை ஏற்றுங்கள். சயான் அடித்தால் சிவப்பை. எதிர்த் திசைச் சாய்வுக்கு அதே சேனலை இறக்குங்கள். ஒரு தடவைக்கு 0.05 போதும். அவசரப்பட்டு 0.3 ஏற்றினால் அடுத்த அரைமணி நேரம் நிறங்களைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

‘ஆட்டோ’ பொத்தான் இதையெல்லாம் ஒரே நொடியில் செய்யாதா? சாதாரணப் பகல் வெளிச்சப் படத்துக்குச் செய்யும். சூரிய அஸ்தமனம், அடர்ந்த காடு, மஞ்சள் விளக்கு எரியும் அறை என்றால் உண்மையான நிறத்தையே சாய்வு என்று நினைத்துத் துடைத்துவிடும். அத்தகைய பிரேமுக்கு, அதே ரோலில் பகலில் எடுத்த ஒரு பிரேமின் லெவல்ஸ் எண்களைப் போட்டுத் தொடங்குவதே சரி.

படி 6: கர்வ்ஸ்

நடுப்பகுதி சரியாக இருந்தும் நிழல் நீலமாகவும் வெளிச்சம் மஞ்சளாகவும் தெரிகிறதா? மூன்று சேனல்களின் சரிவும் ஒன்றுபோல் இல்லை என்று அர்த்தம். பழைய, சாயம் மங்கிய ஃபிலிமில் அடிக்கடி வரும். கர்வ்ஸில் நீல சேனலை எடுத்து, இடது கால்பகுதியில் ஒரு புள்ளி வைத்துச் சற்றே கீழே, வலது கால்பகுதியில் ஒன்று வைத்துச் சற்றே மேலே இழுங்கள். அதன் பிறகு ‘வேல்யூ’வில் மெல்லிய எஸ் வளைவு கொடுத்தால் கான்ட்ராஸ்ட் வந்துவிடும்.

படி 7: தூசி, கீறல்

ஹீல் கருவியால், 100% பெரிதாக்கி, கடைசியில் செய்யுங்கள். முன்னமே செய்தால் லெவல்ஸ் இழுக்கும்போது ஒட்டுப்போட்ட இடங்கள் தெரியும். பளபளப்பான பக்கக் கீறல் படத்தில் வெள்ளைக் கோடாக வரும். எமல்ஷன் பக்கத்தில் (சாயம் இருக்கும், பளபளப்பில்லாத பக்கம்) சாயமே சுரண்டப்பட்டிருந்தால் கருமையாகவோ நிறமாகவோ வரும். ஸ்கேனரின் அகச்சிவப்புத் தூசி நீக்கம் கலர் ஃபிலிமுக்கு நன்றாக உதவும். வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்துக் கெடுத்துவிடும்.

அடிக்கடி வரும் வேறு தொல்லைகள்

மூலைகள் மட்டும் வெளிறியிருந்தால் பின்விளக்கு மூலைகளில் மங்குகிறது. நெகடிவ்வில் இருட்டு என்றால் படத்தில் வெளிச்சம். ஃபிலிமை எடுத்துவிட்டு, விளக்கை மட்டும் அதே ஃபோகஸில், எந்த சேனலும் நிரம்பாத அளவு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, படி 2-க்கு முன் அதை மேல் லேயராக வைத்து டிவைட் செய்யுங்கள். பிறகு ஓரத்து நிறத்தைப் புதிதாக எடுக்க வேண்டும். வானவில் வளையங்கள் தெரிந்தால் ஃபிலிம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. சற்று இடைவெளி விட்டால் போய்விடும்.

கருப்பு வெள்ளைக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆரஞ்சு கிடையாது, ஆகவே வகுத்தலும் வேண்டாம். டிசாச்சுரேட் (நிறத்தை நீக்கல்), இன்வர்ட், கிராப், வேல்யூ லெவல்ஸ், முடிந்தது.

ரோலின் மற்ற பிரேம்கள்

ஒரே ரோலில் ஓரத்தின் நிறம் மாறாது. அந்த டிவைட் லேயரை அடுத்த கோப்புக்கு அப்படியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். லெவல்ஸ் எண்களை அந்த உரையாடல் பெட்டியிலேயே ப்ரீசெட்டாகச் சேமித்தால், அடுத்த பிரேமுக்கு நடு முக்கோணத்தைச் சற்றே தொட்டால் போதும். முடிவில் சேமிக்க வேண்டியவை: லேயர்களோடு கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பு ஒன்று, 16 பிட் டிஃப் ஒன்று, அனுப்பிப் பகிர எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் தரம் 90 வைத்த ஜேபெக் ஒன்று. ரோல் ரோலாகச் செய்யப்போகிறவர்கள், கை பழகிய பிறகு டார்க்டேபிளின் ‘நெகடாக்டர்’ பகுதியைப் பாருங்கள். 2020-இல் 3.2 பதிப்போடு வந்தது. அதுவும் முதலில் கேட்பது ஓரத்து நிறத்தைத்தான்.