குழந்தைக்குப் 'பீடி' கண் என்று எழுதிவிடாதீர்கள்

அக்கா மகள் பிறந்தபோது, லண்டனில் இருக்கும் தோழிக்குப் படம் அனுப்பி, 'பீடி ஐஸ்' (beady eyes) என்று பெருமையாக எழுதினேன். "அப்படி எதைத் திருடிட்டா?" என்று பதில் வந்தது.

இந்த ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு ஏறத்தாழ நம்ம ஊர் பீடிதான், அதனால் மறக்காது. மாலையில் கோக்கிற மணியைக் குறிக்கும் 'பீட்' (bead) என்ற சொல்லிலிருந்து வந்தது. இந்த 'பீட்' பழைய ஆங்கிலத்தில் பிரார்த்தனையைக் குறித்த சொல். ஜெபமாலையில் பிரார்த்தனைகளை எண்ணி எண்ணி, கடைசியில் உருட்டிய மணிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாம் சறுக்குவது அந்த மணியில்தான். நமக்கு மணி என்றாலே கொஞ்சல்: கண்ணே, மணியே, கண்மணி. சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியில் கண் வைத்திருப்பார்களே, சின்னதாக, உருண்டையாக, பளபளவென்று, அச்சு அசல் அந்த வடிவத்தைத்தான் 'பீடி' சொல்கிறது. ஆனால் நமக்குப் பிள்ளையாரைப் பார்த்தால் பாசம் வருகிறது, ஆங்கிலக்காரர்களுக்கோ மனிதர் முகத்தில் அப்படிக் கண் என்றால் பேராசை, சந்தேகம், வேவு பார்க்கிற புத்தி எல்லாம் சேர்ந்தே நினைவுக்கு வரும். காக்கை, எலி, சிட்டுக்குருவிக்குச் சொன்னால் பெரும்பாலும் வெறும் வர்ணனைதான். வட்டிக்கடைக்காரருக்குச் சொன்னால் வசவு.

ஆளை வர்ணிக்கும்போது பன்மையில் வரும், கூடவே 'லிட்டில்' அடிக்கடி ஒட்டிக்கொள்ளும்: 'ஹிஸ் பீடி லிட்டில் ஐஸ்'. பெரிய கண்ணுக்கும் முண்டக்கண்ணுக்கும் இது பொருந்தவே பொருந்தாது.

சரி, திட்டாமல் பயன்படுத்த வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 'கீப் எ பீடி ஐ ஆன்' என்று பிரிட்டிஷ்காரர்கள் பாதி கேலியாகச் சொல்வார்கள். இங்கே கண் ஒருமை, பின்னால் 'ஆன்' கட்டாயம், கண்ணின் அளவு ஒரு பொருட்டே இல்லை. நம் 'கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது' இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். பந்தியில் யார் எத்தனை ஜாங்கிரி எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்கும் பெரியப்பாவைப் பற்றித் தாராளமாக, 'ஹி கெப்ட் எ பீடி ஐ ஆன் தி ஜாங்கிரீஸ்' என்று எழுதலாம்.

குழந்தைக்கு 'பிரைட்' அல்லது 'ஸ்பார்க்ளிங்' போதும். நானும் அப்புறம் அப்படித்தான் திருத்தி அனுப்பினேன், ஆனாலும் அந்தத் தோழி இன்றுவரை "குட்டித் திருடி எப்படி இருக்கா?" என்றுதான் விசாரிக்கிறாள்.